முன் சீட்டில் மயிலாத்தாள்

ஜனவரி 9, வியாழன்

வண்டி இன்றுதான் முதன்முதலாக ரோட்டில் ஏறியது. முப்பத்திரண்டு அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி, குளியலறை, ஏசி. கரூரில் நாற்பது வருஷம் அடுத்தவன் பஸ்ஸுக்கெல்லாம் பாடி கட்டிக் கொடுத்தேன். பட்டறையைக் கைமாற்றிவிட்டு எனக்கென்று கட்டிக்கொண்ட ஒரே வண்டி இது. தெருப் பிள்ளைகள் ஓடி வந்து, "கேரவனுக்குள்ள எந்த நடிகருங்க?" என்று கேட்டார்கள். நான்தான்டா என்றேன். ஒருத்தனும் நம்பவில்லை.

வீட்டுக்காரி மயிலாத்தாளை முன்னால் இடதுபக்க சீட்டில் உட்காரவைத்து பைபாஸ் வரைக்கும் போனேன். பாதி வழியிலேயே, "மாமா, நிறுத்துங்க. எனக்குப் பயமா இருக்குதுங்" என்றாள். ஓரங்கட்டினேன். இறங்கிப் போய் வேலியோரம் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நீங்க போங்க, நான் நடந்தே வந்துடறேன் என்றாள். கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிக்கொண்டு வந்தேன்.

எரிச்சல்தான் வந்தது. காசிக்குப் போகலாம், பத்ரிக்குப் போகலாம் என்று தொடங்கிய வண்டி. நடுவில் சிந்துஜா சமாச்சாரம் வந்ததும் கட்டிலை அகலமாக்கி, மெத்தையை மாற்றி, எல்லாவற்றையும் அவளுக்கென்றே திருப்பிச் செய்தேன். ஒரே மகள். மாப்பிள்ளைக்கு ஹோஸ்பேட்டில் இரும்பாலையில் வேலை. இப்போது ஆறாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும் என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். ரயிலில் உட்கார்ந்து வர முடியாது, காரும் ஆகாது. படுத்தபடி மெதுவாக வருவதாக இருந்தால் மார்ச் முதல் வாரத்துக்குள் வரலாம், அதற்கு மேல் நகரக்கூடாது என்றாராம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். வளைகாப்பை அங்கேயே முடித்துவிட்டுக் கட்டிலில் படுக்கவைத்துக் கூட்டி வந்துவிடலாம் என்பது என் ஏற்பாடு. வழியில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள அம்மாக்காரி வேண்டும். அவளே ஏறமாட்டேன் என்றால் நான் என்ன செய்ய?

மார்ச்சுக்குள் இவள் பயத்தைத் தெளியவைத்தாக வேண்டும்.

ஜனவரி 11

பயம் வருவது சத்தத்தால். இது எனக்குத் தெரியாததா? பஸ்ஸில் ஒரு கண்ணாடி கடகடவென்று ஆடினால் போதும், உள்ளே இருப்பவனுக்கு வண்டியே கழன்று விழப்போகிறது என்று தோன்றும். பட்டறையிலிருந்து கபூர் பாயை வரச் சொன்னேன். முப்பது வருஷமாக என்னோடு டிங்கர் வேலை பார்த்தவர். இரண்டு பேரும் காலையிலிருந்து அலமாரிக் கதவு, ஜன்னல், கூரைத் தகடு எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்து ரப்பர் கொடுத்தோம். கரண்டிகளைக்கூடத் துணியில் சுற்றி வைத்தாயிற்று.

சாயங்காலம் மயிலாத்தாளை ஏற்றி ஒரு சுற்று. "இப்பச் சத்தம் இருக்குதா?" என்றேன்.

"இல்லீங்."

"அப்பறம்?"

"பயம் சத்தத்துனால இல்லீங் மாமா" என்றாள். வேறு எதனால் என்று கேட்டதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜனவரி 13, போகி

அவள் பழைய பாய், முறம் எல்லாம் போட்டு எரித்தாள். நான் அலமாரியில் கிடந்த கண் சொட்டு மருந்துக் குப்பிகளைக் கொண்டுபோய்ப் போட்டேன். போன ஆடியில் பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்தது. கண்ணுக்குள் அழுத்தமாம். போன பார்வை போனதுதான், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்தச் சொட்டு என்றார். வராத பார்வைக்கு மருந்து எதற்கு? வண்டி ஓட்டுவது பற்றியும் என்னவோ சொன்னார். எதிரே இருப்பதெல்லாம் எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. கண்ணாடியை மாட்டினால் பொடி எழுத்துகூடப் படிக்கிறேன். அந்த டாக்டருக்கு என் மகள் வயசுதான் இருக்கும்.

மயிலாத்தாளுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டே, "என்னுங் மாமா இது?" என்று கேட்டாள். காலி டப்பா என்றேன். அதில் ஒன்றைக் குச்சியால் ஓரமாகத் தள்ளினாள்.

ஜனவரி 17

பொங்கல் அலுப்பு தீர்ந்து இன்று மறுபடியும் வேலை. புதுப் பஸ்ஸுக்குப் பாடி கட்டியதும் சீட்டுக்குச் சீட்டு மணல் மூட்டை வைத்து ஓட்டிப் பார்ப்போம். ஆள் பாரம் ஏறினால்தான் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். அதே மாதிரி மயிலாத்தாள் எடைக்கு முன் சீட்டில் மணல் மூட்டை, சிந்துஜா எடைக்குக் கட்டிலில் மூட்டை வைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீரும் வைத்துக் குளித்தலை ரோட்டில் போய் வந்தேன். சொம்பிலிருந்து ஒரு சொட்டு வெளியே தெறிக்கவில்லை.

வீட்டு கேட்டில் நுழையும்போது இடது பக்கம் லேசாக உரசிவிட்டது. அந்தத் தூண் கொஞ்சம் வெளியே தள்ளித்தான் கட்டியிருக்கிறான் கொத்தனார். கபூர் பாய் வந்து பார்த்துவிட்டுப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தார். அந்த இடத்தில் ஏற்கெனவே இரண்டு கீறல் இருந்ததாம். நான் கவனிக்கவில்லை.

மூட்டைக்குப் பயமில்லை என்று மயிலாத்தாளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஜனவரி 22

சீட் பிரச்சினையாக இருக்கலாம். முன்னால் உட்கார்ந்தால் லாரி லாரியாக மேலே வந்து விழுகிற மாதிரி தோன்றும், பின்னால் கட்டிலில் படுத்துக்கொள், திரை போட்டுத் தருகிறேன் என்றேன். முடியவே முடியாது என்கிறாள். முன்னால்தான் வேண்டுமாம். பயந்தவள் பின்னால் போய் ஒளிவாள் என்றுதான் நினைத்திருந்தேன். இவள் கணக்கே வேறு.

சரி என்று முன் சீட்டையே சௌகரியப்படுத்தினேன். நல்ல பெல்ட், கைக்குப் பிடி, வெயிலுக்குத் திரை. போகும்போதெல்லாம் அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். அதற்கென்று ஒரு இரும்புப் பட்டையை வளைத்துக் கால் வைக்க மிதி ஒன்று வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். பயம் வந்தால் அதை மிதித்துக்கொள்ளட்டும்.

"இத மிதிச்சா வண்டி நிக்குமுங்களா?"

"அதெப்படி நிக்கும்? உன் திருப்திக்கு."

"டிரைவிங் ஸ்கூல் கார்ல ரெண்டு பேருக்கும் பிரேக் இருக்குமுங்ளே. அப்படி நெசமாவே நிக்கற மாதிரி வெச்சுத் தர முடியாதுங்ளா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கபூர் பாய் சிரிக்கவில்லை. "வெச்சுத் தரலாம் மொதலாளி, ஒரு நாள் வேலைதான்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

ஜனவரி 30

குழாய் ரிப்பேர். ரேஷன் கடை. இந்தப் பேனா சரியில்லை, எழுத்து வரியை விட்டு வரி ஏறுகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் இட்லி வைக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "டிரைவர் ஒருத்தரப் போட்டுக்கலாமுங்ளா? நீங்களும் பின்னால சும்மா உக்காந்துட்டு வரலாமுங்."

எனக்கு வந்ததே கோபம். ஹெவி லைசென்ஸ் வாங்கி முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. கட்டி முடித்த ஒவ்வொரு பஸ்ஸையும் நானே ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே விட்டிருக்கிறேன். என் மகளைக் கூட்டிவர எவனோ ஒருத்தன் வேண்டுமா? அவன் குடிப்பானா தூங்குவானா யாருக்குத் தெரியும்? வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். வயசான காலத்தில் என்னை ஆகாதவன் ஆக்கப் பார்க்கிறாய் என்றுகூடச் சொன்னேன்.

"நா அப்படிச் சொல்லலீங். எனக்குப் பயமா இருக்குதுன்னுதானுங் சொன்னேன்" என்றாள்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள், போனேன். எனக்குப் பிடிக்கும் என்று பச்சைப்பயறு கடைந்திருந்தாள்.

பிப்ரவரி 6

நல்ல முன்னேற்றம்! நான்கு நாளாகத் தினமும் காலையில் என்னோடு வண்டியில் வருகிறாள். தானாகவே வந்து ஏறிக்கொள்கிறாள். நான் தனியாகக் கிளம்பினால்தான் சண்டை போடுகிறாள்.

முன்பெல்லாம் வாய் திறக்காமல் பிடியைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இப்போது ஓயாமல் பேச்சு. "சைக்கிள் வருதுங், இந்தப் பக்கம்." "ஒரு அம்மா ரோட்டத் தாண்டுதுங்." "நாய்ங் மாமா, நாய்." "அந்த ஆட்டோ உள்ள வர்றானுங், கொஞ்சம் அக்கட்டால போங்." நீ பேசாமல் கண்டக்டர் வேலைக்கே போயிருக்கலாம், டபுள் விசிலும் வாங்கித் தந்துவிடுகிறேன் என்று கேலி செய்தேன். வாங்கித் தாங்க என்றாள். பயம் விட்டுப்போனால் பேச்சு தானாக வரும். கைப்பிடியைக்கூட இப்போது பிடிப்பதில்லை. இரண்டு கையையும் டேஷ்போர்டில் ஊன்றி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருகிறாள். அவ்வளவு ஆர்வம்.

வீட்டுக்கு வந்ததும் தலை வலிக்கிறது என்று படுத்துவிடுகிறாள். வெயில்தான் காரணம். கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கித் தர வேண்டும்.

பிப்ரவரி 10

ஹோஸ்பேட்டுக்கு மார்ச் 2 கிளம்புவதென்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். "சரிங்க மாமா, அத்தை என்ன சொல்றாங்க?" என்று மூன்று தடவை கேட்டார். எல்லாருக்கும் அத்தை பேச்சுதான் பேச்சு.

சாயங்காலம் அடுக்களையில் மயிலாத்தாள் சிந்துஜாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனபோது, "நானாச் சொன்னா அந்த மனுசன் செத்துருவாரு கண்ணு. பயமா இருக்குதுன்னு சொல்லிச் சொல்லியே நாளக் கடத்திப் பாக்கறேன். நீயும் சொல்லாத" என்று சொல்வது கேட்டது. என்னைப் பார்த்ததும் வளைகாப்புப் புடவை பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

என்ன புடவையோ. பெண்கள் பேச்சில் நான் தலையிடுவதில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

கை ஓடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணி வாக்கில் அரவக்குறிச்சி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். வேகமில்லை. மயிலாத்தாள் வழக்கம்போலப் பேசிக்கொண்டே வந்தாள். அவள் போன் அடித்தது. சிந்துஜா. எடுத்துக் காதில் வைத்து, "கண்ணு, வண்டில இருக்கறேன், அப்பறம் கூப்புடறேன்" என்று சொல்லிவிட்டு, எங்கே அழுத்தினால் அணையும் என்று குனிந்து பார்த்தாள். அந்த நேரம்தான்.

"மாமா!" என்றாள். தகடு கிழிகிற சத்தம்.

நான் நிறுத்தியபோது வண்டி கொஞ்ச தூரம் வந்துவிட்டிருந்தது. பின்னால் ரோட்டோரம் ஒரு மொபெட் கவிழ்ந்து கிடந்தது. மாட்டுக்கு அறுத்த சோளத்தட்டுக் கட்டு அவிழ்ந்து தார் ரோடெல்லாம் தட்டு. அதற்குள் ஒரு ஆள். என்னைவிடப் பத்து வயசு குறைந்தவராக இருக்கலாம். நான் இறங்கிப் போவதற்குள் மயிலாத்தாள் ஓடிப்போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கை மணிக்கட்டுக்கு மேலே வேறு பக்கம் திரும்பியிருந்தது. நல்லவேளை, தலையில் அடி இல்லை.

அவர் பெயர் மாரப்பன். பக்கத்துத் தோட்டம். அழுதுகொண்டே அவர் மயிலாத்தாளிடம் சொன்னார்: "அண்ணன் என்னயப் பாத்துட்டேதானுங்க்கா வந்தாரு. மூஞ்சி இந்தப் பக்கந்தான் இருந்துச்சு. பாத்துட்டாரு, ஒதுங்கிப் போவாருன்னு நா ஓரமாவே நின்னனுங்."

நான் அவரைப் பார்க்கவில்லை. அங்கே ஒருத்தருமே இல்லை. ரோடு காலியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 15

மாரப்பனுக்கு எலும்பு சேர்த்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவும், கை கூடும் வரை வீட்டுச் செலவும் என்னுடையது என்று சொன்னேன். போலீசுக்குப் போகவில்லை. அவர் மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டுக்குத் தட்டு யார் அறுப்பார்கள் என்று மட்டும் மயிலாத்தாளிடம் கேட்டாள்.

வண்டியைக் கபூர் பாய்தான் ஓட்டி வந்து வீட்டில் நிறுத்தினார். இடது கண்ணாடியின் தண்டு முறிந்திருக்கிறது. நான் வெல்டிங் வைத்த மிதியும் ஒரு பக்கம் விட்டுப்போய்த் தொங்குகிறது. மயிலாத்தாள் நொண்டி நொண்டி நடக்கிறாள். வலது குதிகால் நன்றாக வீங்கியிருக்கிறது. அவசரத்தில் இறங்கும்போது பிசகியிருக்கும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அவள் குதிகாலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"மாமா, நா ஒண்ணு சொல்றனுங். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு."

"எனக்கு இந்த வண்டில ஒரு நாளும் பயமில்லீங். வண்டி நல்ல வண்டிங். உங்களுக்குத்தானுங் பக்கத்துல வர்றது தெரியறதில்ல. நா பக்கத்துல வந்து நின்னாக்கூட, பேசுனாத்தானுங் திரும்பறீங்க. தட்டு வெச்சா இடது பக்கத்துச் சோத்த அப்படியே உட்டுர்றீங்க. போகியன்னிக்கு எரியாமக் கெடந்த அந்த மருந்துக் குப்பில ஊர்ப்பேரு ஆஸ்பத்திரிப்பேரு எல்லாம் இருந்துச்சுங். நா போயிக் கேட்டனுங்."

நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"நம்ம புள்ளய அதுல ஏத்த முடியாதுங் மாமா. வயித்துல ஒண்ணு இருக்குதுங்."

ஒத்தடம் ஆறிவிட்டது, வேறு சுட வைக்கிறேன் என்று எழுந்தேன். அடுக்களைக்குப் போகாமல் வண்டிக்குப் போய் முறிந்த கண்ணாடித் தண்டைக் கழற்றினேன். நான்கு போல்ட். ஒன்று வளைந்துபோய் வரவே மாட்டேன் என்றது. இருட்டும் வரைக்கும் அதோடு மல்லுக்கட்டினேன்.

பிப்ரவரி 20

கண்ணாடிக்குப் புதுத் தண்டு போட்டாயிற்று. எல்லாம் கண்ணாடி வைத்த இடம்தான் கோளாறு என்று நிரூபிக்கக் கபூர் பாயை வரச் சொன்னேன். புதுப் பஸ்ஸுக்குக் கண்ணாடி பொருத்தும்போது ஒருத்தன் டிரைவர் சீட்டில் இருப்பான், இன்னொருத்தன் கையில் சுண்ணாம்புக் கட்டியோடு வண்டியைச் சுற்றி நடப்பான். உள்ளே இருப்பவன் கண்ணுக்கு ஆள் மறைகிற இடத்தில் கோடு போடுவான். அதை வைத்துத்தான் கண்ணாடியைத் திருப்புவோம்.

நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தேன். பாய் நடந்தார். "எங்க இருக்கீங்க பாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "இங்கதான் மொதலாளி" என்று மட்டும் குரல் வந்தது. பிறகு திடீரென்று மூக்குக்கு நேரே முளைத்த மாதிரி நின்றார். "இப்பத் தெரியுது" என்றேன். அவர் கோடு போட்டார். வலது பக்கமும் அதே கதை. இறங்கிப் பார்த்தால் வாசல் முழுக்கக் கோடு. வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குத்தான் சுண்ணாம்பு படாத இடம்.

பார்த்தீர்களா, கண்ணாடி எவ்வளவு மோசம் என்றேன். பாய் சீட்டில் ஏறி உட்கார்ந்து என்னை நடக்கச் சொன்னார். அவரும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் போனேன். "தெரியுது மொதலாளி." சுவரோரம் போனேன். "தெரியுது." பின் சக்கரத்துக்கிட்ட வரைக்கும் போனேன். "கண்ணாடில தெரியறீங்க மொதலாளி." வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கேதான் அவருக்குத் தெரியவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

பாய் டீ குடிக்காமலே போய்விட்டார். மயிலாத்தாள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கோடுகளையெல்லாம் கழுவிவிட்டாள்.

பெரிய குவிகண்ணாடியாக ஒன்று போட்டால் சரியாகலாம்.

பிப்ரவரி 24

கண் ஆஸ்பத்திரி. அதே சின்ன டாக்டர். மயிலாத்தாளும் வந்தாள். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பித்தானை அழுத்தச் சொன்னார்கள். நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை, மிஷின் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது ஐயா என்றாள் மிஷின் பக்கத்தில் இருந்த பெண்.

சொட்டு மருந்து மறுபடியும். போனது போனதுதான். இருப்பதும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாதாம். ஓட்டக்கூடாது என்று இந்தத் தடவை மயிலாத்தாளிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். என் பட்டறையில் கட்டிய பஸ் இல்லை. ஜன்னல் எல்லாம் கடகடவென்று ஆடியது. மயிலாத்தாள் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள்.

பிப்ரவரி 28

டிரைவருக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். கபூர் பாய் நல்ல ஆளாகப் பார்த்து வைத்திருந்தார், ஞாயிறு காலையில் வருவதாகப் பேச்சு. அதைச் சொல்லத்தான் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நேற்று சிந்துஜாவுக்கு ரத்தம் பட்டிருக்கிறது. இப்போது நின்றுவிட்டதாம், குழந்தைக்கு ஒன்றுமில்லையாம். ஆனால் இனிமேல் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது, எந்த வண்டியிலும் எங்கேயும் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம்.

ஜனவரியிலேயே டிரைவர் போட்டிருந்தால் என் பிள்ளை இந்நேரம் இந்த வீட்டில் படுத்திருப்பாள். மயிலாத்தாள் இதை என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மார்ச் 4, செவ்வாய்

மயிலாத்தாள் ரயிலேறினாள். பிரசவம் முடிந்து புள்ளைக்குத் தலை நின்ற பிறகுதான் வருவாள். நீங்களும் வாங்க என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றேன். வயிற்றுப்பிள்ளைக்காரி முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது?

ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போனோம். சொட்டு மருந்து ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பையனிடமா கேட்பீர்கள், நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று கேலி செய்யப் பார்த்தாள். பாதியிலேயே விட்டுவிட்டுப் பையை எடுத்தாள். ரயில் நகரும்போது எந்த ஜன்னலில் இருந்து கையாட்டினாள் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லா ஜன்னலுக்கும் பொதுவாகக் கையாட்டினேன்.

மார்ச் 9

இன்ஜினை மட்டும் ஓடவிட்டு அணைத்தேன். மெஸ்ஸில் சாப்பாடு.

மார்ச் 16

இன்ஜின் ஓடவிட்டேன். மெஸ்.

மார்ச் 23

மெஸ்.

ஏப்ரல் 11, வெள்ளி

பெண் குழந்தை. ஆபரேஷன்தான். ரத்தம் நிறைய ஏற்ற வேண்டியிருந்ததாம். இரண்டு நாள் சிந்துஜாவைத் தனி அறையில் வைத்திருந்ததை இன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார்கள். இப்போது இரண்டு பேரும் நலம். மயிலாத்தாள் போனைக் குழந்தை பக்கத்தில் வைத்தாள், அழுகை கேட்டது. போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். போட்டோவை நேராகப் பிடித்தால் முகம் முழுதும் தெரிகிறது.

ஜூன் 6

எல்லாரும் வந்துவிட்டார்கள். பகல் ரயிலில் கூட்டிவந்தார் மாப்பிள்ளை. சிந்துஜா பாதியாகிவிட்டாள். "அப்பிச்சி பாரு கண்ணு" என்று குழந்தையை என்னிடம் நீட்டினாள். நான் உட்கார்ந்த பிறகு மடியில் வைத்தாள். நிற்கும்போது என்னிடம் தரவில்லை, அதைக் கவனித்தேன்.

ஜூன் 12, வியாழன்

வீட்டுக்குள் அனல். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மத்தியானம் சிந்துஜாவே கேட்டாள்: "கேரவன்ல ஏசி இருக்குமில்லீங்ப்பா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலிருந்து கரண்ட் இழுத்து ஏசி போட்டு, மெத்தையைத் துடைத்து, புது விரிப்பு விரித்தேன். அம்மாவும் மகளும் குழந்தையோடு ஏறினார்கள். கட்டிலில் போட்டதும் குழந்தை தூங்கிவிட்டது. "நல்லா இருக்குதுங்ப்பா" என்று அந்த மெத்தையைத் தடவிப் பார்த்தாள் சிந்துஜா. அலமாரியைத் திறந்து திறந்து மூடினாள். சத்தமே இல்லை என்றாள். அவளுக்காகக் கட்டியது என்று நான் சொல்லவில்லை.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேறு எங்கே உட்கார்வது? மூன்று மணிக்கெல்லாம் வெயில் கட்டில் பக்கத்து ஜன்னலில் இறங்கியது. பத்தடி பின்னால் எடுத்தால் வேப்பமர நிழல். சொந்த வாசல், குறுக்கே யாரும் வரப்போவதில்லை. "கொஞ்சம் பின்னால எடுத்து நெழல்ல போட்டுர்றேன், புள்ள தூங்கட்டும்" என்று சாவியில் கை வைத்தேன்.

சிந்துஜா தூங்குகிற குழந்தையை விரிப்போடு சேர்த்து வாரி எடுத்துக்கொண்டாள். விரிப்பின் ஒரு முனை காலில் சிக்கியது. உதறிவிட்டுப் படியிறங்கி வெயிலில் போய் நின்றாள். குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது.

அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் அவளாக இருந்தால் இன்னும் முன்னாலேயே இறங்கியிருப்பேன்.

மயிலாத்தாள் இறங்கவில்லை. பின்னாலிருந்து எழுந்து வந்து முன்னால் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"நீ எறங்கலையா?"

"இல்லீங்."

"பயமில்லையா?"

"நா மட்டுந்தானுங் இருக்கறேன். எடுங்க மாமா."

அவள் முகத்தைப் பார்க்க நான் முழுதாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஒரு விளையாட்டும் இல்லை அந்த முகத்தில். கையை டேஷ்போர்டில் ஊன்றவில்லை, பிடியைப் பிடிக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, எங்கே கூட்டிப் போனாலும் வருகிறேன் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதமாக நான் பாடுபட்டதெல்லாம் இவள் இப்படி உட்கார வேண்டும் என்றுதான்.

"எடுங்க" என்று இன்னொரு தடவை சொன்னாள்.

நான் சாவியை உருவி அவள் மடியில் வைத்தேன்.